முகூர்த்த நாள் பூங்கா

கோகிலவாணி எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் கேட்டைத்தான் பார்ப்பாள். மற்ற அம்மாக்கள் ஊஞ்சல் காலியாக இருக்கிறதா, சறுக்குமரத்தில் சூடு இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். இவள் கேட் மூடுமா, மூடினால் மூடியபடியே நிற்குமா, தாழ்ப்பாள் நாலு வயதுப் பையனின் கைக்கு எட்டுமா என்று பார்ப்பாள். அப்புறம் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நடை நடப்பாள். எங்காவது நாய் நுழைகிற ஓட்டை இருந்தால் அந்தப் பூங்கா கணக்கில் சேராது. நாய் உள்ளே வரும் வழியில் பையன் வெளியே போய்விடுவான்.

பையன் பெயர் கேஷவ். பேச்சு இன்னும் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. விட்டால் நேராக ஓடுவான். எதிரே சாலையா, குளமா, மாடா என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓட முடியாத நாளில் அவன் தூங்க மாட்டான். சுவரில் நெற்றியை மோதிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் தூங்காவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சேலையூரில் அவனுக்குத் தெரபி கொடுக்கும் கிறிஸ்டி மேடம், "தினம் ஒரு மணி நேரமாவது திறந்த இடத்துல ஓட விடுங்க. கூட நாலு பசங்க இருந்தா இன்னும் நல்லது. ஆனா சுவர் இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டார், அவ்வளவுதான். தாம்பரத்தைச் சுற்றிப் பூங்காவுக்குப் பஞ்சமில்லை. சுவருக்குத்தான் பஞ்சம்.

ஆடி பிறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் புருஷனை எழுப்பினாள். தீனா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தவன்.

"எந்திரிங்க. வெயில் தாழ்ந்துடுச்சு."

"எந்த பார்க்குக்கு?" என்றான் கண்ணைத் திறக்காமலே.

"நீங்களே சொல்லுங்க."

"போன வாரம் போனோமே, எட்டு போட்ட பார்க்கு."

"அங்க வேணாம். எட்டு நடக்கறவங்க திட்டறாங்க. இவன் குறுக்க ஓடினா அவங்களுக்கு சுகர் ஏறிடுமாம்."

"பெருங்களத்தூர்ல ஸ்டேஷனாண்ட?"

"ரயில் சத்தம் கேட்டா அந்தப் பக்கமே ஓடறான். சுவரு என் இடுப்பு உயரம்கூட இல்ல."

"செம்பாக்கத்தாண்ட புச்சா ஒண்ணு தெறந்தாங்களே?"

"அங்க பசங்க ஆடற இடத்துல பெரியவங்களுக்கு மிஷின் போட்டிருக்காங்க. அதுல விரலைக் குடுத்தானே, மறந்துட்டீங்களா?"

"நாவலூர் பக்கம் மால்ல வெளையாட வுடறாங்கன்னு கம்பெனில ஒருத்தன் சொன்னான்."

"கூட்டிட்டுப் போனேனே. பாட்டு போட்டாங்க. காதைப் பொத்திக்கிட்டுத் தரையில படுத்துட்டான். ஒருத்தன் வீடியோ எடுத்தான்."

தீனா எழுந்து உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப எங்கதான் போறது?"

"ஏரிக்கரையில கம்பி வேலி போட்டுட்டாங்களாம். தெரபிக்கு வர்ற ஜெரூஷா அம்மா சொன்னாங்க."

"தண்ணி கீதே கோகி."

"வேலியும் இருக்குங்க."

இத்தனைக்கும் அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் தெருவின் எதிர் வரிசையில் ஒரு பூங்கா தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் சுற்றுச்சுவர். ஒரே ஒரு கேட், இரும்பு கேட். உள்ளே வேப்பமரம், சறுக்குமரம், சங்கிலி அறுந்த ஊஞ்சல். கேட்டில் கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பூட்டின் சாவி அவள் மாமனார் தசரதனின் அரைஞாணில். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்தக் கதைதான்.

தசரதனுக்குத் தொழில் பந்தல் போடுவது. சாமியானா, சவுக்குக் கம்பு, பிளாஸ்டிக் சேர், மேஜை, அண்டா, ஜமுக்காளம் எல்லாம் வாடகைக்கு விடுவார். ஒரு காலத்தில் அந்த இடம் முழுக்க அவருடைய அப்பா கேசவனின் நெல் வயல். வயல் மனையானபோது, சட்டப்படி பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கென்று ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மனைகளுக்குக் கேசவன் நகர் என்று பெயர் வைத்து வளைவு கட்டினார்கள். முதலில் சாமான்களெல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில்தான் இருந்தன. கொட்டகையை இடித்து வாடகைக்கு மாடி வீடு எழுப்பியதும் சாமான்கள் தெருவைத் தாண்டிப் பூங்காவுக்குள் போயின. குடிகாரர்கள் நுழைகிறார்கள் என்று சொல்லித்தான் முதலில் பூட்டு போட்டார். குடிகாரர்கள் அதற்கப்புறம் வரவில்லை. குழந்தைகளும் வரவில்லை.

ஆனாலும் கோகிலவாணி அந்தப் பூங்காவை விட்டுவிடவில்லை. பெரிய முகூர்த்த நாளில் சேர், கம்பு, அண்டா அத்தனையும் கல்யாண வாசல்களுக்குப் போய்விடும். அன்றைக்கு உள்ளே காலியாகக் கிடக்கும். மாமனார் பந்தலடியில் இருப்பார். சாவியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு, பையனை உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்திக்கொள்வாள். ஊரார் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நாள் பார்க்கிற காலண்டரில் அவள் பையன் ஓடுவதற்கு நாள் பார்த்தாள். வைகாசியில் அவன் நிறைய ஓடினான், நிறையத் தூங்கினான். ஆனியிலும் குறையில்லை. ஆடியில் எவன் கல்யாணம் செய்கிறான்? அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற நாலு கம்பு போகும், நாலு கம்பு திரும்பி வரும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்கிறார்கள். அந்தச் சேர்கள் நகரவில்லை.

ஏரிக்கரையில் வேலி இருந்தது. கேட்டும் இருந்தது, ஆனால் இரண்டு கதவில் ஒன்றுதான். மற்றொன்றைக் கழற்றி வேலியில் சாய்த்திருந்தார்கள். "பைக் நிறுத்தி மறைச்சுக்கலாம்" என்றான் தீனா. பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே சிமென்ட் பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்தான். காற்று நன்றாக அடித்தது. கேஷவ் வேலியைத் தொட்டுக்கொண்டே ஓடினான், கோகிலவாணி பின்னாலேயே ஓடினாள். மூன்றாவது சுற்றில் அவளுடைய செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பையனைக் காணவில்லை. தீனா நெஞ்சில் தாடை இடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தான். பைக்குக்கும் கேட் தூணுக்கும் நடுவே ஒரு முழச் சந்து.

சாலையில் பிரேக் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு ஷேர் ஆட்டோ சாய்ந்தாற்போல் நின்றிருக்க, அதன் முகப்பு விளக்கில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு கேஷவ் நின்றிருந்தான். கண்ணாடியின் சூடு அவனுக்குப் பிடித்திருந்தது போல. டிரைவர் கீழே இறங்கி வந்தான். "இன்னாம்மா நீ, பெத்தா போதுமா, பாத்துக்க வாணாம்? என் பொயப்பே போயிருக்கும்" என்றான். உள்ளிருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்து, அவன் திமிறத் திமிற இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செருப்பு ஏரிக்கரையிலேயே போயிற்று.

வீட்டுக்கு உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு தீனா, "கண்ணு சொருகிச்சு கோகி. தெரியாம தூங்கிட்டேன்" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லேன். திட்டேன்."

"திட்டறதுக்குத் தெம்பில்லங்க" என்றாள். அது உண்மை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எங்காவது ஒரு மூலையில் ஒரு வாரம் தூங்கினால் போதும் என்றிருந்தது.

மாமனாருக்குத் தோசை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தபோது அவள் கேட்டாள். மாமியார் போய் ஆறேழு வருஷமாகிறது. அவருக்குச் சமைப்பது, துவைப்பது எல்லாம் இவள்தான். முகூர்த்த நாளில் சாவியைத் தவிர இதுவரை எதையும் கேட்டதில்லை.

"மாமா, ஆடி முடியற வரைக்கும் பார்க்குல இருக்கற சாமானை வேற எங்கயாவது வைக்க முடியுமா? பையனை உள்ள விட்டுக் கேட்டைச் சாத்திக்குவேன்."

தசரதன் தோசையை விண்டார். "இன்னிக்கி இன்னா ஆச்சுன்னு தீனா சொன்னான். அதுக்காக அத்தினி சேரையும் எங்க கொண்டும்போய் வெக்கறது, சொல்லு? தலமேல தூக்கி வெச்சிகினு குந்தறதா?"

"ஓரமா அடுக்கி வச்சா..."

"அடுக்கிதாம்மா கீது. கம்பு சாஞ்சி புள்ள மேல வுயுந்தா யாரு பதில் சொல்றது?"

"அது பசங்களுக்குன்னு எழுதிக் குடுத்த எடம்தானே மாமா?"

அவர் கையை உதறினார். "எங்கப்பன் சேத்துல நின்னு நாத்து நட்ட எடம். பேப்பர்ல எய்திட்டா அவுங்க எடமாயிடுமா? நீயும் காலனிக்காரங்க மாதிரி பேசாத."

தீனா சுவரைப் பார்த்து, "நைனா, ஒரு மாசம்தான் கேக்குது" என்றான்.

"நீ தூங்காம காவ காத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்றார் தசரதன். அன்று ராத்திரி பையன் சுவரில் நெற்றியை மோத, கோகிலவாணி சுவருக்கும் நெற்றிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலனிக்காரர்கள் என்றால் ராஜாராமன். அடுத்த தெருவில் மனை வாங்கி வீடு கட்டியவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நலச்சங்கத்துச் செயலாளர். பூங்காவைத் திறக்கச் சொல்லி ஏறாத ஆபீஸ் இல்லை. மறுநாள் காலை பால் வாங்கும் இடத்தில் அவளைப் பிடித்தார்.

"ஏம்மா, புதன்கிழமை கார்ப்பரேஷன் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் இன்ஸ்பெக்‌ஷன் வரார். உள்ள என்ன இருக்கு, தினம் திறக்கறாளான்னு கேப்பார். நாங்க சொன்னா பொறாமையில சொல்றோம்பா. அந்த வீட்டு மருமக, சின்னக் குழந்தையை வச்சிருக்கறவ, நீ ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னா போதும்."

"எங்க வீட்டுப் பெரியவரைப் பத்தி நான் எப்படி சார் சொல்றது?"

"உன் பையனுக்காகம்மா. நீ அவனைத் தூக்கிண்டு பஸ்ல அலையறதை நானும் பாத்துண்டுதானே இருக்கேன்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இருந்தாலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. சொல்லிவிட்டு இவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார், அவள் அல்லவா அந்தச் சமையலறைக்குத் திரும்பிப்போக வேண்டும். பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

செய்தி தசரதனுக்கும் வந்துவிட்டது. ஊர்க்காரருக்கு ஊரில் காது இருக்காதா? புதன்கிழமை காலையிலேயே, பந்தல் சாமான் ஏற்றுகிற பாலுவின் குட்டியானை வண்டி நாலைந்து நடை அடித்தது. படப்பையில் ஒரு பங்காளியின் குடோனில் ஒரு பகல் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. சாயங்காலம் அங்கே வேறு லோடு இறங்குகிறதாம், அதற்குள் எடுத்துவிட வேண்டும். பகலுக்குள் பூங்கா துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. தசரதனே துடைப்பம் பிடித்துச் சருகு கூட்டினார். சறுக்குமரத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அறுந்த சங்கிலிக்குப் பதிலாகப் பந்தல் கயிற்றைப் போட்டு ஊஞ்சலைக் கட்டினார். பந்தல்காரர் போட்ட முடிச்சு, யானை ஆடினாலும் அவிழாது.

பிறகு வீட்டுக்கு வந்து, அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"கோகிலா, நாலு மணிக்குப் புள்ளயக் கூட்டிகினு போயி உள்ள வெளையாட வுடு. ஆளு வந்தா பார்க்குல பசங்க பொயங்கற மாதிரி தெரியணும் பாரு. எப்பவும் தெறந்துதான் கீதான்னு கேட்டா, ஆமான்னு சொல்லு."

அவள் சாவியைப் பார்த்தாள். "அப்புறம்?"

"அப்பறம் இன்னா? அஞ்சரைக்குப் பாலு வண்டி வந்துடும்."

இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆடி பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை மனதுக்குள் கேட்ட சாவி, பையனைப் பொம்மையாக நிறுத்தி வைக்கக் கைக்கு வருகிறது. ஆனாலும் ஒன்றரை மணி நேரம். வாங்கிக்கொண்டாள்.

கேட்டைத் திறந்து பையனை விட்டதும் அவன் ஓட ஆரம்பித்தான். சுவரோரமாக, ஒரு கையால் சுவரைத் தேய்த்துக்கொண்டே ஓடினான். கேட் வந்ததும் நின்று தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. மறுபடி ஓடினான். கோகிலவாணி வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். கூடவே ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

அதிகாரி வந்தார். பைக்கை விட்டு இறங்கி, கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே பார்த்தார். பின்னால் ராஜாராமன். இன்னொரு பக்கம் வெள்ளைச் சட்டையில் தசரதன்.

"ஏம்மா, நீங்க இந்தத் தெருவா?"

"ஆமா சார்."

"இது தினமும் திறந்திருக்கா? சாமான் எதாவது வைக்கறாங்களா?"

ராஜாராமன் அவள் முகத்தையே பார்த்தார். தசரதன் வேப்பமரத்தைப் பார்த்தார். ஓடி வந்த கேஷவ் திறந்த கேட்டைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பினான். அவள் எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, காலால் கேட்டைச் சாத்தினாள்.

"தினமும் திறந்துதான் சார் இருக்கும். பசங்க வந்து விளையாடுவாங்க."

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு போனார். ராஜாராமன் போகும்போது, "நீயே இப்படிச் சொல்லலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். தசரதன் சிரித்துக்கொண்டே கடைப்பக்கம் டீ குடிக்கப் போனார். அவளுக்குத் தன் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கேட் திறந்திருப்பதைத் தெரு பார்த்துவிட்டது. முதலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் பெண் தமிழினி வந்தாள். அப்புறம் அடுத்த தெருவிலிருந்து ஸ்ரீவத்சன் என்றொரு பையனும் அவன் அம்மாவும். "ஏங்க, உள்ள விடுவீங்களா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள் அந்த அம்மா. "வாங்க, கேட்டை மட்டும் சாத்திட்டு வாங்க" என்றாள் கோகிலவாணி. கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. கேஷவ் சுவரோரம் ஓடுவதைப் பார்த்து அது ஏதோ ஒரு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு, தமிழினி சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டே அவன் பின்னால் ஓடினாள். அவள் பின்னால் ஸ்ரீவத்சன். அப்புறம் எல்லாரும். கேஷவ் கேட்டுக்கு வந்து நின்றால் எல்லாரும் நின்று கேட்டைத் தள்ளிப் பார்த்தார்கள். அவன் ஓடினால் ஓடினார்கள். அவன் திரும்பி ஒரு தடவை அவர்களைப் பார்த்தான். திரும்பிப் பார்க்காத பிள்ளை திரும்பிப் பார்த்தது. அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அந்த நேரம் பாலுவின் வண்டி கம்பும் சேருமாக முனை திரும்பி வந்து கேட்டுக்கு எதிரே நின்றது. ஸ்ரீவத்சனின் அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். எல்லாருக்கும் அது என்ன வண்டி என்று தெரியும்.

கோகிலவாணி எழுந்து போனாள். கேட்டைச் சாத்தி, கம்பி வழியே கையை விட்டு, வெளியே தொங்கிய பூட்டை உள்பக்கம் இழுத்து மாட்டி அழுத்தினாள். சாவியைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள்.

டீக்கடையிலிருந்து தசரதன் வந்தார். "இன்னாம்மா, தெற. வண்டி வந்து நிக்கிது."

"மாட்டேன் மாமா."

"இன்னா மாட்டே?"

"தெறக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. "தினமும் திறந்துதான் இருக்கும்னு உங்களுக்காக அவர்கிட்ட சொன்னேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல மாமா. நான் சொன்னதை நீங்கதான் மெய்யாக்கணும்."

"பேஜார் பண்ணாத கோகிலா. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும் மாமா. நான் எத்தனை பார்க்குக்குப் போயிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. எல்லா இடத்துலயும் ஒண்ணே ஒண்ணைத்தான் தேடினேன், மூடற கேட்டு. அது நம்ம வீட்டு எதிர்லயே இருக்கு. அன்னிக்கு அந்த ஆட்டோக்காரன் பிரேக் போடலன்னா இந்தப் பந்தல நம்ம வாசல்லயே போட்டிருப்பீங்க."

தசரதன் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் சுற்றி வந்து கேட்டில் வரிசையாக முட்டி நின்றார்கள். முன்னால் கேஷவ், வியர்த்து, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. தாத்தா என்ற ஒருவர் எதிரே நிற்பதை அவன் கவனிக்கவில்லை. கேட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான். மற்றதுகளும் இரைந்துகொண்டு ஓடின. வீட்டுக்குள் சுவரில் மோதிக்கொண்டு அழுகிற பேரனைத்தான் தசரதனுக்குத் தெரியும். அவன் ஓடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று பார்த்தார்.

பாலு வண்டியிலிருந்து தலையை நீட்டினான். "ணா, இறக்கறதா இல்லியா? நேரமாவுது."

"வூட்டுக்கு வுடு."

"வூட்ல எங்கணா எடம்?"

"ஹால்ல எறக்கு. ஹால் பத்தலன்னா என் ரூம்பு கீது" என்றார் தசரதன், யாரிடமோ சண்டை போடுகிற குரலில்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. நாலு பக்கமும் சிவப்புச் சேர்கள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. கம்பெல்லாம் படுக்கை அறை வாசல் வரை நீட்டிக்கொண்டிருந்தது. தீனா ஷிஃப்டுக்குக் கிளம்ப ஒருக்களித்து நடந்து, அண்டாவைத் தாண்டி, வெளியே போனான். போகும்போது கோகிலவாணியைப் பார்த்துச் சிரித்தான். ஏரிக்கரைக்கு அப்புறம் அன்றுதான் அவன் அவளை நேராகப் பார்த்துச் சிரிக்கிறான். கேஷவ் காலைக் கழுவிவிடும்போதே தூங்கிப்போயிருந்தான்.

தசரதன் ஒரு சேரை இழுத்துப் போட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை ரசம் ஊற்றும்போது கேட்டார்.

"நாளிக்கி எப்ப தெறப்பே?"

"நாலு மணிக்கு மாமா."

"அஞ்சுக்குத் தெற. அந்தச் சறுக்குமரம் கீய தகரம் பொளந்துகினு கீது, கால அறுத்துடும். வெல்டிங் ஆளு நாலுக்கு வரேன்னுகிறான்." ஒரு வாய் சாப்பிட்டார். "ஆனா சொல்லிட்டேன், அது எங்கப்பன் நெலம்."

"ஆமா மாமா" என்றாள். மறுத்துப் பேச அவளுக்குச் சக்தி இல்லை. மறுக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பழக்கத்தில் காலண்டரைப் பார்க்கக் கூடத்துக்கு வந்தாள். அது சேர் அடுக்குக்குப் பின்னால் எங்கோ மறைந்திருந்தது. அடுத்த முகூர்த்தம் என்றைக்கு என்று இனி அவள் பார்த்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பையன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.